ஆட்டுக்கொம்பும் ஆந்தையும்

பெரம்பலூர் மாவட்டத்துப் பாடாலூரில் நெடுஞ்சாலையை விட்டுக் கிழக்கே திரும்பி ஊட்டத்தூர், காரைப் பக்கம் போனால் நிலத்தின் முகமே மாறிவிடும். வயல் முடிந்து, மழைநீர் அரித்த ஓடைகளும் செடி அண்டாத மண்மேடுகளும் தொடங்கும். ஒரு பெருமழை பெய்து வடிந்த மறுநாள் அந்த மேடுகளில் சுருண்ட கற்கள் தலைகாட்டும். கிடாயின் கொம்பை வெட்டிக் கல்லாக்கியது போல, உள்ளே உள்ளே சுருண்டு, மேலே வரிவரியாக இருக்கும். பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே கடல் இருந்ததற்குச் சாட்சி அவை. ஹென்றி பிளான்ஃபோர்டு என்ற நிலவியலாளர் இந்தப் பகுதியை ஆராய்ந்து 1862-ல் எழுதியபோது, அடியில் கிடந்த படிவுகளுக்கு ஊட்டத்தூரின் பெயரையே வைத்தார். நிலவியல் நூல்களில் அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. சிற்றூருக்கு இப்படி ஒரு புகழ் கிடைப்பது அபூர்வம்.

அந்தச் சுருள் கல்லின் பெயர் அம்மோனைட். காசு சேர்ப்பவர்களுக்கு இந்தப் பெயரில் ஒரு வேலை இருக்கிறது.

அம்மோன் எகிப்தியத் தெய்வம். கிரேக்கர்கள் அவனைத் தங்கள் சீயஸோடு ஒன்றாக்கி, தாடி வைத்த ஒரு பெரியவரின் காதோரம் ஆட்டுக்கொம்பு சுருண்டிருப்பதாகச் சித்திரித்தார்கள். ரோம எழுத்தாளர் பிளினி ஒரு கல்லைச் சொல்லும்போது அம்மோனின் கொம்பு என்றே குறிப்பிட்டார். அதைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டால் பலிக்கும் கனவு வரும் என்றொரு நம்பிக்கையும் அன்று இருந்தது. பின்னாளில் விஞ்ஞானிகள் அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டார்கள். அதே கொம்பும் அதே தாடியுமாக அம்மோன் வெள்ளிக்காசில் வருவது சைரீன் நகரத்தில். இன்றைய லிபியாவில், கடலோர மேட்டு நிலத்தில், தேரா தீவிலிருந்து போன கிரேக்கர்கள் கி.மு. ஏழாம் நூற்றாண்டில் கட்டிய ஊர் அது.

காசின் மறுபக்கம் இன்னும் சுவாரஸ்யம். அங்கே ஒரு செடி நிற்கிறது: தடித்த தண்டு, இருபுறமும் மடல்போல இலை, உச்சியில் பூங்கொத்து. சில்ஃபியம் என்று பெயர். சைரீனின் செல்வத்தில் பெரும்பங்கு அந்தச் செடியின் பிசினில் இருந்தது. சமையலுக்கும் மருந்துக்கும் மத்தியதரைக் கடல் முழுக்க அதை எடை போட்டு வாங்கினார்கள். வெட்டிக்கொண்டே போனார்கள், பயிரிட்டு வளர்க்க வரவில்லை, அழிந்தேபோனது. தன் காலத்தில் அகப்பட்ட ஒரே ஒரு தண்டை நீரோ மன்னனுக்கு அனுப்பி வைத்தார்கள் என்கிறார் பிளினி. சில்ஃபியம் கிடைக்காமல் போனபின் ரோமச் சமையற்காரர்கள் பாரசீகத்திலிருந்து வந்த வேறொரு பிசினைப் போட்டுச் சமாளித்தார்கள். அந்தப் பிசின் நம் ரசத்தில் போடுகிற பெருங்காயம்தான். சில்ஃபியமும் பெருங்காயமும் நெருங்கிய உறவுச் செடிகள் என்பது தாவரவியலாளர்களின் பொதுக் கருத்து. ஆக, ஒருபக்கம் காரை மண்ணின் கல்லுக்குப் பெயர் கொடுத்த தெய்வம், மறுபக்கம் அஞ்சறைப்பெட்டிக்குப் பங்காளி. பாடாலூரில் இருந்துகொண்டு கிரேக்கக் காசு சேர்க்க நினைக்கும் ஒருவருக்கு முதல் ஊர் சைரீன் என்று சொன்னால், மேல்நாட்டுச் சேகரிப்பாளர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

அவர்களுடைய வரிசை வேறு. பழைய கிரேக்க உலகில் காசு அடித்த ஊர்கள் ஆயிரத்துக்கும் மேல். அத்தனையையும் ஒருவர் சேர்த்து முடிக்க ஓர் ஆயுள் போதாது. அதனால் எந்தெந்த ஊர் இல்லாமல் இருக்கக்கூடாது என்ற கேள்வி சேகரிப்பாளர்களிடம் ஓயாமல் ஓடுகிறது. முதலில் ஒழுங்கு செய்தவர் வியன்னாவின் ஜோசப் எக்கெல் என்ற பாதிரியார். 1792 முதல் 1798 வரை எட்டுத் தொகுதிகளாக வந்த அவருடைய நூலில் ஊர்கள் அகர வரிசையில் இல்லை. ஸ்பெயினில் தொடங்கி, இத்தாலி, சிசிலி, கிரீஸ், சின்ன ஆசியா, சிரியா, எகிப்து என்று கடலைச் சுற்றி வந்து வட ஆப்பிரிக்காவின் மேற்குக் கோடியில் முடித்தார். வரைபடத்தில் விரல் வைத்துப் பார்த்தால் இது வலம் வருவதேதான். இன்றும் பெரிய அருங்காட்சியகங்களின் காசுத் தட்டுகள் அந்தப் பிரதட்சிண வரிசையிலேயே இருக்கின்றன.

அந்த வரிசையில் எல்லோரும் முதலில் கைவைக்கும் மூன்று ஊர்களின் காசுக்குக் கிரேக்கர் காலத்திலேயே பட்டப்பெயர் இருந்தது. ஏதென்ஸின் காசை ஆந்தை என்றார்கள், ஏஜினாவின் காசை ஆமை என்றார்கள், கொரிந்தின் காசைக் குட்டிக்குதிரை என்றார்கள். நமக்கு இது புதிதல்ல. பன்றி அவதாரம் பொறித்த பொன் வராகன் ஆகிவிடவில்லையா? சின்னத்தைச் சொன்னால் ஆளைச் சொன்ன மாதிரி. புலி, மீன், வில் பார்த்து வளர்ந்த தமிழ்க் கண்ணுக்குக் கிரேக்கக் காசு படிப்பது ஒன்றும் சிரமமில்லை.

ஏதென்ஸின் ஆந்தை 17.2 கிராம் வெள்ளி, இரண்டு பவுன் எடைக்குக் கொஞ்சம் கூட. ஒருபக்கம் தலைக்கவசம் அணிந்த அதீனா, மறுபக்கம் ஆந்தை, பக்கத்தில் ஒலிவக் கிளை, சின்னப் பிறை, ஊர்ப்பெயரின் முதல் மூன்றெழுத்து. வெள்ளி வந்தது ஊருக்குத் தெற்கே இருந்த லாரியன் சுரங்கத்திலிருந்து. கி.மு. 483-ல் அங்கே ஒரு வளமான படிவு தட்டுப்பட்டது. ஆளுக்குப் பத்து திராக்மா வெள்ளிப் பணம் என்று பிரித்துக்கொள்ளலாம் என்றார்கள் குடிமக்கள். வேண்டாம், கப்பல் கட்டுவோம் என்றார் தலைவர் தெமிஸ்டாக்ளிஸ். மூன்று ஆண்டு கழித்துச் சலாமிஸ் நீரிணையில் பாரசீகக் கடற்படையை உடைத்தவை அந்தக் கப்பல்கள். இலவசத்தை மறுத்து ஊர் பிழைத்த கதை. நம் ஊர்த் தேர்தல் காலத்தில் யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

ஆந்தையின் பெருமை அதன் பிடிவாதத்தில் இருக்கிறது. சிற்பக்கலை எங்கோ முன்னேறிப் போன பிறகும் அதீனாவின் முகம் பக்கவாட்டில், கண் மட்டும் நேர்ப்பார்வையில் என்று பழைய பாணியிலேயே அச்சடித்தார்கள். முகம் மாறினால் வெளியூர்க்காரன் வாங்கமாட்டான் என்ற பயம்தான் காரணமாக இருக்க வேண்டும். எகிப்திலும் சிரியாவிலும் கிடைக்கும் ஆந்தைகள் பலவற்றில் உளி வெட்டு இருக்கும். உள்ளே செம்பா வெள்ளியா என்று பார்த்திருக்கிறார்கள். சந்தேகம் வீண்போகவில்லை. பெலோபொனேசியப் போரின் கடைசி ஆண்டுகளில் சுரங்கத்திலும் பிற இடங்களிலும் இருந்து இருபதாயிரத்துக்கு மேற்பட்ட அடிமைகள் ஓடிவிட, ஏதென்ஸே செம்பின் மேல் வெள்ளி முலாம் பூசிக் காசு விட்டது. கி.மு. 405-ல் மேடையேறிய அரிஸ்டோபேனிஸின் தவளைகள் நாடகம் அந்த மட்டக் காசை வைத்து ஊரையே கேலி செய்கிறது.

ஏஜினாவின் ஆமை அதைவிட மூத்தது. கிரேக்க மண்ணில் முதலில் காசு அடித்த ஊர்களில் ஒன்று அந்தத் தீவு. வணிகம் கடலில் இருந்த காலத்தில் காசில் துடுப்புக்கால் வைத்த கடலாமை இருந்தது. ஏதென்ஸிடம் தோற்றுக் கடல் கைவிட்டுப் போன பிறகு அதே இடத்தில் தரையில் ஊரும் ஆமை வந்து உட்கார்ந்தது. தோல்வியைத் தன் காசிலேயே ஒப்புக்கொண்டது போலிருக்கிறது. இங்கே ஒரு சின்ன ஆச்சரியம்: பெருவழுதி என்று தமிழி எழுத்தில் பெயர் பொறித்த சங்ககாலப் பாண்டியர் செப்புக்காசில் குதிரைக்குப் பக்கத்தில் ஒரு தொட்டிக்குள் இரண்டு ஆமைகள் நீந்துகின்றன. ஏஜினாவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனாலும் இரண்டையும் ஒரே தட்டில் வைத்துப் பார்க்க யாருக்குத்தான் ஆசை வராது?

கொரிந்தின் சிறகுக் குதிரைக்கு அடியில் ஓர் எழுத்து நிற்கும். கொப்பா என்று பெயர். ஊர் மக்கள் எழுதுவதிலிருந்து அது மறைந்த பிறகும் காசில் மறையவில்லை. பழைய கணக்கு நோட்டில் மட்டும் உயிரோடிருந்த ௹ போல.

அழகுக்கு ஒரே ஊர் போதும் என்றால் அது சிரக்கூஸ். சிசிலியில் கொரிந்தியர் குடியேறிய ஊர். நீரூற்று தேவதை அரெத்தூசாவின் தலை, கூந்தலைச் சுற்றி நான்கு டால்பின்கள், மறுபக்கம் பாயும் நாற்குதிரைத் தேர். கி.மு. ஐந்தாம் நூற்றாண்டின் கடைசியில் கிமோன், யூவைனெட்டஸ் என்ற இரு கொல்லர்கள் வெட்டிய அச்சில் வந்த பத்து திராக்மா காசு சுமார் 43 கிராம், ஐந்து பவுனுக்கு மேல் எடை. அச்சு வெட்டியவன் காசிலேயே தன் பெயரைப் பொறித்திருக்கிறான்! சோழர் கோயில்களில் கல்வெட்டுக்குக் குறைவில்லை. சிற்பியின் பெயரைத் தேடித்தான் கண் வலிக்கும். ஒரு கைவினைஞன் தன் சிற்றூளியால் புகழை நிறுத்திக்கொண்ட இந்த ஒரு காரணத்துக்காகவே சிரக்கூஸைப் பட்டியலில் வைக்கலாம். அந்தப் பெரிய காசு வாங்க முடியாதவர்கள் அதே ஊரின் செப்புக்காசோடு திருப்திப்படலாம்; அதிலும் அரெத்தூசா உண்டு.

சில ஊர்கள் சிலேடையால் பிழைத்தன. காளமேகம் பார்த்திருந்தால் ஆளுக்கொரு வெண்பா எழுதியிருப்பார். செலினஸ் என்ற ஊரின் காசில் செலினான் என்ற கீரை இலை. ஃபோசியாவின் காசில் ஃபோக்கே, அதாவது கடல்நாய். சிடே ஊரின் காசில் மாதுளம்பழம், ஏனென்றால் அந்த வட்டார மொழியில் மாதுளைக்குப் பெயர் சிடே. எழுதப் படிக்கத் தெரியாதவனும் படத்தைப் பார்த்து ஊர்ப்பெயரைச் சொல்லிவிடுவான். நம் தேர்தல் சின்னமும் இதே வேலையைத்தான் செய்கிறது.

சிலேடை ஊர்களில் பெரியது ரோட்ஸ். ரோடான் என்றால் ரோஜா. மூன்று பழைய ஊர்கள் சேர்ந்து கி.மு. 408-ல் புது நகரம் கட்டியபோது காசின் ஒருபக்கம் சூரியதேவன் ஹீலியோஸ், மறுபக்கம் ரோஜா என்று முடிவாயிற்று. இந்த ஊரிலிருந்துதான் கதை நம் பக்கம் திரும்புகிறது.

கிரேக்கக் காசு தமிழ் மண்ணில் கிடைக்குமா என்ற கேள்வியை வெகுகாலம் யாரும் கேட்கவில்லை. ரோமக் காசின் வெளிச்சத்தில் மற்றதெல்லாம் மங்கிக் கிடந்தது. 1898-ல் புதுக்கோட்டைச் சீமையின் கருக்காகுறிச்சியில் ஒரு பானையில் 501 ரோமப் பொற்காசுகள் கிடைத்தன. பெரும்பாலானவற்றில் பேரரசர் முகத்தின் மேல் உளி வெட்டு. மாற்றுப் பார்க்க வெட்டினார்களா, புழக்கத்திலிருந்து நீக்க வெட்டினார்களா என்ற வழக்கு இன்றுவரை முடியவில்லை. உள்ளூர்க் காசுகளைத் தேடியவர்கள் தனி. கேப்டன் டஃப்னெல் 1880களில் தென்னிந்தியாவில் காசு சேர்ப்பவர்களுக்கு என்றே குறிப்புகள் எழுதி வெளியிட்டார். பாடாலூர் அன்று சேர்ந்திருந்த திருச்சி மாவட்டத்தில், வழக்கறிஞர் தேசிகாச்சாரி தென்னிந்திய நாணயங்கள் பற்றி 1933-ல் நூல் கொண்டுவந்தார். பெரம்பலூர் தனி மாவட்டமானது 1995-ல்தான். அந்த நாளைய வட்டாரச் சேகரிப்பாளருக்குத் திருச்சியே தலைநகரம்.

திருச்சிக்கு மேற்கே கரூரில் ஆறே சுரங்கமாக இருந்தது. சேரர் தலைநகர் வஞ்சி இதுதான் என்று ஆய்வாளர் பலர் கொள்ளும் ஊர். அமராவதி மணலை அரித்து, கிடைத்ததை எடைக்குப் போட்டவர்கள் பல ஆண்டுகளாக இருந்தார்கள். பழைய செம்பு என்று உலைக்குப் போனது எவ்வளவோ. அந்த வழியில் குறுக்கே நின்று காசுகளை வாங்கிப் படித்தவர்களில் முக்கியமானவர் தினமலர் ஆசிரியராக இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி. பெருவழுதி காசை வெளிக்கொண்டு வந்தவர் அவரே. கரூர்க் காசில் மாக்கோதை என்ற சேரன் பெயரைப் படித்துச் சொன்னதும் அவர்தான். 2000-ல் அவர் வெளியிட்ட ஒரு நூல் முழுக்கக் கரூரில் கிடைத்த, ரோமானியமல்லாத பழைய வெளிநாட்டுக் காசுகளைப் பற்றியது. செலூக்கிய மன்னர்கள், ஃபினீசியத் துறைமுகங்கள் ஆகியவற்றோடு கிரேக்க நிலத்தின் ரோட்ஸ், கிரீட், தெசலி, திரேஸ் பகுதிகளும் அதில் வருகின்றன.

மேல்நாட்டார் முன்னே வைக்கும் ஏதென்ஸ், கொரிந்த், சிரக்கூஸ் இந்தப் பெயர்களில் இல்லை. ஆந்தைகள் இந்தியப் பக்கம் வராமல் இல்லை. 1933-ல் காபூலின் சமன் ஹசூரியில் அகப்பட்ட புதையலில் ஏதென்ஸ் காசுகள் வளைந்த இந்திய வெள்ளிக் கட்டிகளோடு சேர்ந்தே கிடந்தன. அது தரைவழி, வடக்கு. தெற்குக்கு வந்தது கடல்வழி. கிரேக்க மொழி பேசிய வணிகர்களின் கப்பல் செங்கடலிலிருந்து பருவக்காற்றைப் பிடித்து முசிறிக்கு வந்தது. அங்கிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாகச் சரக்கு கொங்கு நாட்டுக்கு ஏறியது. மிளகுக்கு விலையாகக் கொடுத்தது பொன்னும் வெள்ளியும். ஒரு மூட்டை மிளகுக்குச் சின்னக் காசை யாரும் எண்ணிக் கொடுக்கமாட்டார்கள். மாலுமியின் மடியில், மூட்டையின் ஓரத்தில், நினைவுக்கு ஒன்றாக வந்தவை கரூரின் அந்தக் கிரேக்கக் காசுகள் என்று நினைப்பதே பொருத்தம். அப்படி வந்ததால்தான் அவற்றுக்கு மதிப்பு கூடுகிறது. பேரரசின் கணக்கில் வராத ஒரு தனி மனிதன் கரூர் ஆற்றங்கரை வரை வந்து போனதற்கு அதுதான் ரசீது.

ரோட்ஸுக்கு இன்னொரு சாட்சி புதுச்சேரி அருகே அரிக்கமேட்டில் இருக்கிறது. அங்கே கிடைத்த மது ஜாடி ஓடுகளில் ரோட்ஸ் தீவில் செய்தவையும் உண்டு. ஜாடியும் காசும் சேர்ந்து ஒரே தீவைக் காட்டினால் அந்தத் தீவைப் பட்டியலின் மேலே ஏற்றுவதில் என்ன தப்பு? கிரீட்டுக்கு ஒரு க்னோசஸ் காசு, புதிர்ப்பாதை பொறித்தது, தனி அழகு. தெசலிக்கு லாரிசாவின் மேயும் குதிரை. திரேஸுக்குத் தேட வேண்டியது மன்னன் லைசிமாக்கஸின் வெள்ளி. அலெக்சாண்டரின் தளபதியாக இருந்து அரசனானவன். கி.மு. 297 வாக்கில், தன் முகத்தைப் போடாமல், முன்பே செத்துப்போன தலைவன் அலெக்சாண்டரின் முகத்தைக் காசில் போட்டான். அந்த முகத்தின் காதோரம் சுருண்டு கிடக்கிறது அம்மோனின் ஆட்டுக்கொம்பு. கி.மு. 331-ல் சீவா பாலைவனக் கோயிலுக்குப் போன அலெக்சாண்டர் அம்மோனின் மகன் என்று பேர் வாங்கி வந்தானல்லவா, அதன் அடையாளம். காரைக் கல்லும் சைரீன் செடியும் திரேஸ் வெள்ளியும் இப்படி ஒரே கொம்பில் தொங்குகின்றன.

பாடாலூரிலிருந்து பார்த்தால் வரிசை இப்படித்தான் அமைய வேண்டும்: சைரீன், ரோட்ஸ், திரேஸ், பிறகு கிரீட்டும் தெசலியும். ஏதென்ஸ் ஆறாவது. கொரிந்தும் ஏஜினாவும் கிடைத்தால் சரி. சிரக்கூஸ், கனவு.

வாங்குவதில் எச்சரிக்கை வேண்டும். கிரேக்கக் காசுக்குப் போலி புதிய தொழில் அல்ல. 1830-ல் இறந்த ஜெர்மன்காரர் கார்ல் பெக்கர் அச்சு வெட்டுவதில் பழைய கொல்லர்களுக்குச் சமமானவர். புதுக்காசு பழசாகத் தெரிய வேண்டுமே. எண்ணெயில் ஊறிய இரும்புத்தூளோடு காசுகளை ஒரு பெட்டியில் போட்டு வண்டியின் அச்சில் கட்டிவிட்டு ஊரைச் சுற்றி வருவாராம். குலுங்கிக் குலுங்கி மெருகு போய்விடும். பாடாலூரின் வழித்துணை ஆஞ்சநேயரைக் கும்பிட்டு நெடுஞ்சாலையில் போகும் லாரிகளில் இப்போது எத்தனை பெட்டி குலுங்குகிறதோ! ரசீதும் பூர்வீகமும் சொல்லத் தெரியாதவரிடம் வெள்ளி ஆந்தை வாங்க வேண்டாம்.

வாங்குவதை விடக் கண்டெடுப்பதில்தான் சட்டம் கவனமாக இருக்கிறது. 1878-ம் ஆண்டின் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலை மண்ணில் கண்டவர் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அந்தப் பத்து ரூபாய் வரம்பு ராணி விக்டோரியா காலத்தில் எழுதியது. நூறு வயதுக்கு மேற்பட்ட காசு தொல்பொருள். 1972-ம் ஆண்டுச் சட்டம் அதை அனுமதியில்லாமல் நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோக விடாது.

ஆற்றிலோ ஏரி தூர்வாரும்போதோ பச்சை பூத்த ஒரு வட்டச் செம்பு கைக்கு வந்தால் செய்யக் கூடாதது ஒன்று உண்டு: புளி போட்டுத் தேய்க்காதீர்கள். பச்சையோடு சேர்ந்து எழுத்தும் போய்விடும். எந்த இடத்தில், எவ்வளவு ஆழத்தில், கூட என்ன கிடந்தது என்று ஒரு தாளில் எழுதி, காசை அப்படியே ஒரு காகித உறையில் போட்டு, வட்டாட்சியர் அலுவலகத்துக்குக் கொண்டுபோங்கள்.